நெஞ்சின் சொல்லும் மருத்துவச் செவியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'அகப்பாடல்களில் நெஞ்சு' என்பதாகும். தலைவன் தன் நெஞ்சை விளித்துப் பேசுவதும், தலைவி தன் நெஞ்சை நொந்துகொள்வதும், வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருப்பதும் இந்த அவையினர் நன்கறிந்தவை. அறிந்தவற்றையே மீண்டும் கூறுவதினும், மார்புக்கூட்டின் உள்ளே குருதியை இறைத்துக்கொண்டிருக்கும் மற்றொரு நெஞ்சைப் பற்றிப் பேச விழைகிறேன் என்று செயலரிடம் இசைவு பெற்றுக்கொண்டேன். தமிழ் பயிற்றுவிக்கும் ஒருத்திக்கு இதய நோய் ஆராய்ச்சியில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்றிருப்பதைக் கண்டு எங்கள் தெருவார் சிலர் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்ததுண்டு. என் தகுதி அவ்வளவே. ஆயினும் இதய நோயைக் கண்டறியும் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அதில் பாதி சொற்களின் வரலாறாகவே எனக்குத் தோன்றியது. படிக்க நேர்ந்த காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

1768-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் மாநகரில் மருத்துவர் கல்லூரி ஒன்றின் அவையில் வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர் ஒரு கட்டுரை படித்தார். நடக்கும்பொழுது, அதிலும் மேட்டில் ஏறும்பொழுதும் உண்டபின் நடக்கும்பொழுதும், மார்பில் தோன்றி, நின்றவுடன் மறைந்துவிடும் ஒரு வேதனையை அவர் விவரித்தார். இடக்கைக்கு அது பரவுவதையும் குறித்தார். அதற்கு 'ஆஞ்சைனா' என்று பெயரிட்டார். இலத்தீனில் அச்சொல் நெரித்தலைக் குறிக்கும். அவரிடம் இதயத்தின் ஓசையைக் கேட்கும் கருவி இல்லை, மின்வரைபடம் இல்லை, குருதிச் சோதனை இல்லை. நோயாளிகள் வாய்விட்டுச் சொன்ன சொற்களே அவருக்குக் கிடைத்த சான்று முழுவதும். அச்சொற்களைப் பொறுமையோடு கேட்டு, பொதுவானவற்றைத் தொகுத்து, ஒரு நோய்க்கு வரையறை தந்தார். இரு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் மருத்துவக் கல்லூரிகளில் அந்த விவரிப்பு போற்றப்படுகிறது.

கட்டுரை 1772-இல் அச்சேறியது. அதன் சுருக்கத்தை ஓர் இதழில் கண்ட ஒருவர், தம் பெயரை மறைத்து ஹெபர்டனுக்கு மடல் வரைந்தார். தாம் ஐம்பத்திரண்டு வயதினர் என்றும், அந்நோய் தமக்கும் உண்டு என்றும், சில வேளைகளில் உடலுக்குள் இயற்கையின் தொழில் அனைத்தும் மூன்று நான்கு நொடிகள் நின்றுபோவதுபோல உணர்வதாகவும் எழுதினார். தாம் திடீரென இறப்பின் தம் உடலை அறுத்துப் பார்க்கலாம் என்றும் இசைவு தந்தார். சில வாரங்களிலேயே இறந்தும் போனார். ஜான் ஹன்டர் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அவ்வுடலை ஆய்ந்தார். பின்னாளில் அம்மைப்பால் கண்ட எட்வர்ட் ஜென்னர் உடனிருந்தார். இதயத் தசைக்கே குருதி ஊட்டும் நாளங்களை அன்று அவர்கள் கூர்ந்து நோக்கவில்லை. காரணம் அகப்படவில்லை. தம் நோயைத் தாமே இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்த அந்தப் பெயரிலாப் புலவருக்கு மருத்துவம் செய்த கைம்மாறு அவ்வளவுதான்.

பின்னர் வேறொரு நோயாளியின் இதயத்தை அறுத்தபொழுது ஜென்னரின் கத்தி கடினமான ஒன்றில் பட்டு நொறுநொறுத்தது. கூரையிலிருந்து காரை உதிர்ந்து விழுந்துவிட்டதோ என்று அவர் நிமிர்ந்து பார்த்தாராம். காரையன்று, இதய நாளமே எலும்புபோல் இறுகிக் கிடந்தது. நோயின் காரணம் கைக்கெட்டிவிட்டது. ஆயினும் ஜென்னர் அதனை வெளியிடாது வைத்தார். ஏனெனில் அவருடைய ஆசானாகிய ஹன்டருக்கும் அந்நோய் இருந்தது. தம் உயிர் தம்மைச் சினமூட்ட முனையும் எவர் கையிலும் உள்ளது என்ற பொருளில் ஹன்டர் கூறிவந்ததுண்டு. 1793-இல் மருத்துவமனைக் குழுக் கூட்டம் ஒன்றில் சொற்போர் மூண்டபொழுது அவர் அவ்வாறே இறந்தார். அவர் நாளங்களும் இறுகியிருந்தன. மாணவர் ஆசானுக்காக ஓர் உண்மையை மறைத்ததைச் சரியென்பதா, தவறென்பதா என்று எனக்கு இன்றும் முடிவு செய்ய இயலவில்லை.

ஈண்டு ஒன்று கூற வேண்டும். நாம் எளிதாக வழங்கும் 'மாரடைப்பு' என்னும் சொல் மார்பில் உணரும் அடைப்பைக் குறித்து எழுந்தது. நாளத்தில் குருதி உறைந்து வழியை அடைத்து, அதற்கப்பால் உள்ள தசை ஊட்டமின்றி மடிவதே அந்நோய் என்று பின்னர் அறிவியல் கண்டது. மக்கள் வாயில் பிறந்த சொல் நோயின் உள்ளியல்புக்கும் பொருந்திவிட்டது. இஃது எதேச்சையே. ஆயினும் மக்கள் சொல்லை ஏளனமாகத் தள்ளக் கூடாது என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

கருவிகளின் வரலாற்றை விரைந்து கடந்துவிடுகிறேன். 1816-இல் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில், இளம்பெண் ஒருத்தியின் மார்பில் காது வைத்துக் கேட்க நாணிய லானெக் என்னும் மருத்துவர், தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் தொடக்கம். அவர் கேட்ட ஓசைகளுக்குப் பெயரில்லை. ஆகவே சூடான சட்டியில் உப்புப் பொரியும் ஓசை என்றும், ஆட்டின் கனைப்பு என்றும் வீட்டிலும் தோட்டத்திலும் கேட்கும் ஓசைகளைக் கொண்டே எழுதினார். உவமையணியின் பயனுக்கு இதனை நான் வகுப்பில் எடுத்துக்காட்டுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜாவாத் தீவில் பிறந்து ஆலந்து நாட்டின் லைடன் நகரில் பணியாற்றிய எயின்தோவன், இதயத்தின் மின்துடிப்பை வரைந்து காட்டும் கருவியை அமைத்தார். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் அறையை அடைக்கும் பெருங்கருவியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல இயலாமையால், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் துடிப்பைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று இ.சி.ஜி. என நாம் சுருக்கி வழங்குவது அவர் தந்ததே. அந்தக் கம்பியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருவேன்.

இனி என் உரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். ஹெபர்டன் தம் முதுமை வரை குறிப்புகள் எழுதிவந்தார். அவர் மறைந்தபின் 1802-இல் வெளிவந்த நூலில், ஏறத்தாழ நூறு பேரிடம் இந்நோயைக் கண்டதாகவும், அவர்களுள் மூவரே பெண்கள், ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஏனையோர் அனைவரும் ஐம்பதை நெருங்கிய அல்லது கடந்த ஆண்கள் என்றும் கணக்குத் தந்துள்ளார். அவர் பொய் சொல்லவில்லை, கண்டதையே எழுதினார். ஆனால் அவரைத் தேடி வந்தவர் யாவர், வராதவர் யாவர் என்னும் வினாவை நெடுங்காலம் எவரும் எழுப்பவில்லை. ஒரு நூலுக்குக் கிடைத்த சுவடிகள் அனைத்தும் ஒரே ஊரிலிருந்து வந்திருப்பின், அவ்வூர் வழக்கே மூலபாடம் என்று கொண்டுவிடும் பதிப்பாசிரியரின் பிழை போன்றது இது.

பிழை வளர்ந்த விதம் வியப்புக்குரியது. 1964-இல் அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில் பெண்களுக்கென இதய நோய் மாநாடு ஒன்று நடைபெற்றது. அதன் தலைப்பு 'இதயங்களும் கணவர்களும்' என்பதாகும். கணவரின் இதயத்தை மனைவி பேணுவது எங்ஙனம் என்பதே அங்குப் பேசப்பட்டது! இதய நோய்க் காரணிகளை ஆராய 1973-இல் தொடங்கிய பேராய்வு ஒன்றில் சேர்க்கப்பட்ட 12,866 பேரும் ஆண்கள். ஆஸ்பிரின் மாத்திரை மாரடைப்பைத் தடுக்குமா என்று 1980-களில் ஆராய்ந்த மற்றொன்றில் 22,071 மருத்துவர்கள் பங்கேற்றனர், அவர்களும் ஆண்களே. முடிவுகள் மட்டும் மாந்தர் அனைவருக்கும் உரியனவாகக் கொள்ளப்பட்டன.

விதிவிலக்கும் உண்டு, அதைக் கூறாமல் விடுவது நேர்மையன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரேமிங்காம் என்னும் ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வில் 5,209 பேர் சேர்க்கப்பட்டனர். பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். நோய் வருமுன்பே மக்களைச் சேர்த்து, ஈராண்டுக்கொருமுறை சோதித்து, யாருக்கு நோய் வருகிறது என்று பல்லாண்டுகள் காத்திருந்து கண்ட ஆய்வு அது. உயர் குருதியழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றை 'இடர்க்காரணி' என்று நாம் இன்று கூறும் கருத்து அங்கிருந்தே பரவியது. ஆனால் அந்த நல்ல ஆய்வும் ஒரு தீங்குக்கு வித்திட்டது. மார்வலி கூறிய பெண்களுள் பலர்க்கு மாரடைப்பு வரவில்லை என்று தொடக்கக் கணக்குகள் காட்டின. பெண்ணின் மார்வலி அச்சத்திற்குரியதன்று என்று மருத்துவர்கள் அதிலிருந்து பொருள் கொண்டனர். பின்னர் ஆஞ்சியோகிராம் வந்தது. மார்வலி உள்ள பெண்களுள் பலர்க்குப் பெருநாளங்களில் அடைப்பு இல்லை என்று அது காட்டியது. 'நாளம் நன்றாக உள்ளது, மனத்தில்தான் குறை' என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் வலுப்பெற்றது. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பெண்கள் ஆய்வொன்று, அவர்களுள் கணிசமானோர்க்கு ஆஞ்சியோகிராமில் தோன்றாத நுண்நாளங்களில் கோளாறு இருந்ததைக் காட்டியது. பேராற்றில் தடையில்லை, வாய்க்கால்களில் நீர் பாயவில்லை. வயல் வாடுவதற்கு அதுவும் போதுமன்றோ?

இந்த நிலையை உலகறியச் செய்தவர் ஓர் இதய மருத்துவப் பெண்மணி. பெர்னாடின் ஹீலி என்பது அவர் பெயர். 1991-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் தலைமையேற்ற முதற்பெண் அவரே. அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்த இரு ஆய்வுகள், ஒரே நோய்க்கு மருத்துவமனை வந்த பெண்களுக்கு ஆண்களைக் காட்டிலும் குறைவாகவே ஆஞ்சியோகிராமும் தொடர் சிகிச்சையும் அளிக்கப்பட்டதைக் காட்டின. அவற்றையொட்டி ஹீலி ஒரு தலையங்கம் எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'யெண்டல் நோய்க்குறி'.

அன்பர்களே, யெண்டல் ஒரு சிறுகதைத் தலைவி. இத்திஷ் மொழியில் எழுதி 1978-இல் நோபல் பரிசு பெற்ற ஐசக் பாஷெவிஸ் சிங்கர் படைத்தவள். பெண்களுக்குச் சமய நூற்கல்வி மறுக்கப்பட்ட ஊரில், அவள் தலைமயிரைக் கத்தரித்து, ஆடை மாற்றி, ஆண்பெயர் பூண்டு கல்விக்கூடம் சேர்ந்தாள். அவளுக்குக் கல்வி கிடைத்தது. ஆணாகத் தோன்றிய அளவுக்கே கிடைத்தது. ஹீலி சொன்னது இதுவே: பெண்ணொருத்தி கடுமையான மாரடைப்பால் வீழ்ந்து தனக்கும் ஆணைப் போன்றே நோய் உண்டு என்று மெய்ப்பித்த பின்னரே, ஆணுக்கு அளிக்கப்படும் சிகிச்சை அவளுக்கும் அளிக்கப்படுகிறது. நூறு பக்கப் புள்ளிவிவரம் உணர்த்த முடியாததை ஒரு சிறுகதைப் பெயர் உணர்த்திவிட்டது. இலக்கியத்தால் என்ன பயன் என்று என்னிடம் கேட்கும் அறிவியல் துறை நண்பர்களுக்கு நான் கூறும் விடை இதுதான். 1993-இல், அரசுப் பொருளுதவி பெறும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்ப்பது அந்நாட்டில் சட்டமாயிற்று.

பெண்களைச் சேர்த்து ஆராய்ந்ததன் பயன் உடனே தெரிந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்தால் இதயம் காக்கப்படும் என்பது அக்காலத்தில் உறுதியான நம்பிக்கை. அம்மாத்திரையை உட்கொண்ட பெண்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததைப் பல கணக்கெடுப்புகள் காட்டியிருந்தன. ஆனால் அதனை நாடிப் பெற்றவர்கள் பெரும்பாலும் வசதியும் கல்வியும் உடையவர்கள். மருத்துவரை அடிக்கடி காண்பவர்கள். நலம் மாத்திரையால் வந்ததா, வாழ்நிலையால் வந்ததா? இதைப் பிரித்தறியும் வழி ஒன்றே. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, எவர்க்கு எது என்பதை மருத்துவரும் அறியாதவாறு மறைத்து வைத்துக் காண்பது. 16,608 பெண்களிடம் அவ்வாறு நடந்த ஆய்வு 2002-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்று மிகுந்தது. இதய நோயும் குறையவில்லை, சிறிது கூடியே இருந்தது. பல்லாண்டு நம்பிக்கை ஒரு நாளில் சரிந்தது. தன் முடிவைத் தானே திருத்திக்கொள்ளும் இந்தத் துணிவு தமிழாய்வுலகில் எத்துணை பேரிடம் உண்டு என்று நினைத்துப் பார்த்தேன். அது வேறு கூட்டத்திற்குரிய பேச்சு.

இப்பொழுது ஒரு சொல்லைப் பற்றிக் கூறுகிறேன். மாரடைப்பு வந்த பெண்களுள்ளும் மார்வலியே முதன்மையான அறிகுறி. இதனை அழுத்திக் கூறுகிறேன்; பெண்களுக்கு மார்வலியே வராது என்று சிலர் எழுதுவது தவறு. ஆனால் அதனோடு மூச்சிரைப்பு, குமட்டல், முதுகிலும் தாடையிலும் வலி, சொல்லொணாக் களைப்பு ஆகியனவும் பெண்களிடம் கூடுதலாகச் சேர்ந்து வருகின்றன. இவற்றை மருத்துவர்கள் 'வழக்கத்திற்கு மாறான' அறிகுறிகள் என்று எழுதிவந்தனர். எவருடைய வழக்கத்திற்கு மாறானவை? நம் இலக்கணத்தில் 'வழு' என்றொரு சொல் உண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறழ்ச்சிக்கு 'வழுவமைதி' என்று பெயர். பேசுவோரில் பாதிப் பேரை மட்டும் கேட்டு இலக்கணம் வகுத்தால், மற்றப் பாதியின் பேச்சு முழுதும் வழுவாகிவிடும். 2021-இல் அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட மார்வலி நெறிமுறையில், அந்தச் சொல்லையே கைவிடுமாறு பரிந்துரைத்தன. வலி இதயத்தால் வந்தது, வந்திருக்கக்கூடும், அன்று என்று மூன்றாகவே பகுத்து எழுதச் சொல்லின.

நான் இவற்றையெல்லாம் படிக்க நேர்ந்த காரணத்தை இனிச் சொல்லியாக வேண்டும். 2009-ஆம் ஆண்டு. என்னை வளர்த்த பெரியம்மாவுக்கு அப்பொழுது அறுபத்து மூன்று வயது. ஓர் இரவு, "நெஞ்சு கரிக்குதும்மா, தாடையெல்லாம் இழுக்குது, கை ரெண்டும் உளைச்சலா இருக்கு" என்றார். ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பணியில் இருந்த இளம் மருத்துவர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்தில் விடை சொன்னேன். நெஞ்செரிச்சல், வாயுத்தொல்லை, களைப்பு என்றேன். தாடையை விட்டுவிட்டேன். அது பொருந்தாத பாடமாக எனக்குத் தோன்றியது. முனைவர் பட்டத்திற்காக ஐந்தாண்டுகள் பாடவேறுபாடுகளை ஆராய்ந்தவள் நான். அரிதான பாடம் கிடைத்தால் அதை எளிதில் தள்ளாதே என்பது அத்துறையின் முதற்பாடம். அன்று தள்ளினேன். பெரியம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை நான் முழுமையாகச் சொல்லியிருப்பேன் என்று நம்பியிருப்பார். அமில மாத்திரை தந்து அனுப்பினார்கள், இ.சி.ஜி. எடுக்கவில்லை. மறுநாள் மாலை வேறோரிடத்தில் எடுத்தபொழுது, மாரடைப்பு வந்து ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிட்டது என்றார்கள். மடிந்த தசை மடிந்ததுதான். அதன் பின் ஆறாண்டுகள் வாழ்ந்தார். மாடியில் இருந்த என் படிப்பறைக்கு ஒருமுறையும் அவரால் ஏறிவர இயலவில்லை. கேளாத மருத்துவர்மீது எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் அவர் கேட்டது என் மொழிபெயர்ப்பைத்தான்.

நாளம் அடைபட்டபின் ஒவ்வொரு மணிநேரமும் தசை மடிந்துகொண்டே செல்லும். 2008-இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று, இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு, அறிகுறி தோன்றி மருத்துவமனை சேர இங்கு எடுக்கும் நேரத்தின் இடைநிலை 360 நிமிடங்கள் என்று கண்டது. ஆறு மணிநேரம்! அதில் எவ்வளவு நேரம் 'வாயு' என்னும் ஒரு சொல்லால் கழிந்திருக்கும் என்று எந்த ஆய்வும் அளக்க முடியாது.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. எயின்தோவனின் கம்பியை நினைவில் வைக்கச் சொன்னேன். நம் தமிழ்நாட்டிலேயே 2012 முதல் நடந்த ஒரு திட்டத்தில், சிற்றூர் மருத்துவமனைகளில் எடுத்த இ.சி.ஜி.யைப் பெரிய மருத்துவமனைக்கு உடனுக்குடன் அனுப்பி, சிகிச்சையைத் தொடங்கி, நோயாளியை அங்குக் கொண்டு சேர்த்தனர். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. குருதியில் ட்ரோபோனின் என்னும் புரதத்தை அளக்கும் நுண்சோதனையும் வந்துள்ளது. இதயத் தசை சிதைந்தால் அது குருதியில் கசியும். நலமுள்ள பெண்களிடம் அதன் அளவு ஆண்களைவிடக் குறைவு. ஆகவே இருபாலர்க்கும் ஒரே வரம்பு வைத்தால் பெண்களின் மாரடைப்பு தப்பிவிடும். எடின்பரோவில் தனி வரம்பு வைத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மாரடைப்பு என்று கண்டறியப்பட்ட பெண்களின் எண்ணிக்கை அதில் இரு மடங்காயிற்று. ஆனால் அதே குழுவினர் பின்னர் ஸ்காட்லாந்து முழுதும் நடத்திய பேராய்வில், நோய் கண்டறியப்பட்ட பின்னும் பெண்களுக்குச் சிகிச்சை குறைவாகவே கிடைத்தது. கருவி கேட்டது, மனிதர் கேட்கவில்லை. யெண்டல் இன்னும் மாறுவேடத்தைக் களையவில்லை போலும்.

இறுதியாக இந்த வட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோள். சில ஆண்டுகளாக நான் வலிச்சொற்களைத் திரட்டிவருகிறேன். உளைச்சல் வேறு, கடுப்பு வேறு, குடைச்சல் வேறு. குத்தல் வேறு, பிசைதல் வேறு, கல்லை வைத்தாற்போல் பாரம் வேறு. நெஞ்சு கரித்தல், நெஞ்சடைத்தல், திக்கென்றிருத்தல், படபடத்தல், இளைத்தல் என்று என் குறிப்பேட்டில் இருநூற்றுக்கு மேல் சேர்ந்துள்ளன. பெரும்பாலும் பெண்கள் வாயிலிருந்து கேட்டவை. சில ஊர்களில் 'நெஞ்சு' என்றால் தொண்டையையும் குறிக்கிறது. வெளியூர் மருத்துவர் ஒருவர் இதனை அறியாவிடின் என்னவாகும்? இவற்றை ஊர், வயது, குறிக்கும் உடலிடம் ஆகியவற்றோடு சிறு அகராதியாக்கி மருத்துவ மாணவர் கையில் தர வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு என் ஒருத்தியின் செவி போதாது. உங்கள் அன்னையரும் அத்தைமாரும் பாட்டியரும் வலியை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டு, திருத்தாமல், அவர்கள் சொன்னவாறே ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் செயலரிடம் சேர்ப்பியுங்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையார் ஒருவர் கூட்டம் தொடங்குமுன்பே எனக்கு ஒரு சொல் தந்துவிட்டார். 'மாரு மரத்துப்போச்சு' என்றார். எழுதிக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் அவரிடம் இன்னும் சற்று விரிவாகக் கேட்க வேண்டும்.